போனைத் திறக்காதவர்

மார்ச் 4

என் வீட்டுக்காரருக்கு,

திருட்டு பேட்டரி வாங்கியதாக நம் கடையில் வைத்து உங்களைப் பிடித்தார்கள். போன் பாஸ்வேர்டைச் சொல்ல மாட்டேன் என்றீர்கள். தனக்கு எதிராகத் தானே பேசாமலிருப்பது அரசியல் சாசனம் தந்த உரிமை, அதற்காக ஆளை உள்ளே வைக்கக் கூடாது என்று கோர்ட்டு உங்களை விட்டுவிட்டது. நான் இன்னும் விடவில்லை.

கடைக்கு வருகிறவர்கள், "அண்ணன் பெரிய ஆளுதான் அக்கா, பேப்பர்லயே போட்டுட்டான்!" என்கிறார்கள். சிரித்து வைக்கிறேன். வயிறு எரிகிறது. போனைத் திறந்து, விற்றவன் யாரென்று காட்டியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பார்கள். இரண்டு மாதம் உள்ளே இருக்கிற அளவுக்கு அதில் எவள் இருக்கிறாள்?

வக்கீலம்மாவைக் கேட்டேன். "மௌனம் அவரோட உரிமை மேடம்" என்றாள். அந்த மௌனத்துக்கு ஃபீஸ் கட்டியது நான்.

வெளியே வந்ததும் நம் வீட்டுக்கு வராமல் உங்கள் அக்கா வீட்டுக்கு ஏன் போனீர்கள்? போன் இன்னும் போலீஸிடம் இருப்பதால் எழுதுகிறேன். தீர்ப்பை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டேன். பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

இன்றைய தேதிவரை உங்கள் மனைவி


மார்ச் 9

ஓனரம்மாவுக்கு,

எவளும் இல்லை. எதிர்வரிசை மூலைக் கடையை வாடகைக்குக் கேட்டு நான் அனுப்பிய மெசேஜ்கள்தான் இருக்கின்றன. பேட்டரிக் கடை போட. உனக்கு எதிரிலேயே. போனைத் திறந்திருந்தால் போலீஸ் அதை உன் முன்னால் படித்திருப்பார்கள். எனக்கு ஜெயில் தேவலை என்று பட்டது.

நீ ஒற்றை ஆளாக உண்டாக்கிய கடை. மறுக்கவில்லை. ஆனால் நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே, "ஓனரம்மா இல்லையாப்பா?" என்று கேட்கிறார்களே, அது என்னைத் தின்றது. இனி எந்த முகத்தோடு வருவேன்?

பாஸ்வேர்டு, உன் கடை லைசென்ஸின் கடைசி நாலு எண். அதுகூட உன்னுடையதுதான்.

நான்


மார்ச் 12

என் எதிர்க்கடைக்காரருக்கு,

ஒருத்தி இருந்திருந்தால்கூடத் தேவலை. தலைமுடியைப் பிடித்திருப்பேன். மூலைக் கடையை எதைப் பிடித்து இழுப்பது? லாரி நிறுத்த வசதியான இடம், நானே கண் வைத்திருந்தேன். வயிறு இப்போதும் எரிகிறது; காரணம்தான் மாறிவிட்டது.

நேற்று அந்தக் கட்டட ஓனரிடம் பேசி முடித்தேன். முன்பணம் என்னுடையது, போர்டில் உங்கள் பேர். கார் பேட்டரி உங்களுக்கு, லாரி பேட்டரி எனக்கு. என் வாடிக்கையைக் கை தட்டிக் கூப்பிடக் கூடாது. முன்பணம் அடையும்வரை லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு. வக்கீல் ஃபீஸில் பாதி உங்கள் கணக்கு. மதியச் சாப்பாடு என் கடையில், இரவு வீட்டில்.

போன் வந்ததும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள். புதியதை என்னிடம் சொல்ல வேண்டாம். கேட்கவே மாட்டேன் என்று மட்டும் எழுதித் தர முடியாது.

ஓனரம்மா