ஹாரன் கேட்டால் துணியை எடு

ஐப்பசி, வியாழன் இரவு. அரியலூர்.

புதிதாக கேம் செய்து பழகுகிறவர்களுக்கான போட்டிக்கு விமர்சனம் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறேன். இன்று வந்த கேமில் மொட்டைமாடியில் துணி காய்கிறது. திடீரென்று சுண்ணாம்புக்கல் லாரி போகிறது, துணியெல்லாம் வெள்ளைப் புழுதி. முன்னாலேயே எடுத்தால் துணி ஈரம். விட்டுவைத்தால் லாரி எப்போது வருமென்றே தெரியவில்லை. தோற்றுத் தோற்று எரிச்சல் வந்து, "ஜெயிக்க வழியே இல்லாத கேம். செய்தவருக்கே புரியவில்லை போல" என்று எழுதிவிட்டேன். அனுப்புவதுதான் பாக்கி.

அப்போது தெருமுனையில் ஹாரன் சத்தம். சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமலே அம்மா, "லாரி வருதுடி, துணிய எடு!" என்று கத்தினாள். ஓடிப்போய்க் கொடியில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டேன். பாதிப் படி இறங்கும்போதுதான் உறைத்தது. சீரியலுக்கு இடைஞ்சல் என்று கேமின் சத்தத்தை அணைத்துவிட்டல்லவா ஆடியிருக்கிறேன்!

சத்தம் வைத்து ஆடினேன். லாரிக்கு முன்னால் ஹாரன் கேட்டது. துணியை எடுத்தேன். புழுதி வெறும் கொடியில் படிந்தது.

"என்னடி தனியா சிரிக்கிற?"

"துணி தப்பிச்சுதும்மா."

"அதான் அப்பவே எடுத்துட்டியே!"

எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். செய்தது யாரென்று விமர்சனம் எழுதுகிற எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். இந்த ஊரில் கேம் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நாளைக்குத் துணி காயப்போடும்போது பக்கத்து மாடிகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.