சுமாவின் பாடங்களில் சத்தம் வரவில்லை

ஜனவரி 20, 2025, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து திரும்பும் கூட்டம். பொம்மிடி ஸ்டேஷனே நிரம்பி வழிந்தது. டிக்கெட் கவுண்டரை விட்டு எழ முடியவில்லை. டீ குடிக்கப் போனபோது சாலம்மாள் டீச்சரிடமிருந்து போன். சித்தேரி மலைப் பள்ளியின் தலைமையாசிரியை. மேலே சிக்னல் கிடையாது, அரூர் இறங்கி வந்தால்தான் பேசுவார். சுமாவின் காரியத்துக்கு வந்து போனவர், அதற்குப் பிறகு இப்போதுதான்.

சுமா அங்கே கணக்கு நடத்தினாள். போன ஜூனில் அவளைப் பொம்மிடிக்கு மாற்றிய பிறகு அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. பத்தாவது பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு வந்தோமே என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே கரும்பலகை வைத்துப் பாடம் நடத்துவாள். நான் கேமரா பிடிப்பேன். எல்லாவற்றையும் முடித்து மொத்தமாகத் தருவதாக டீச்சரிடம் சொல்லியிருந்தாளாம். அக்டோபரில் மூளையில் ரத்தம் கசிந்து, சேலம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் –

"பரீட்சை வந்துருச்சுங்க சார். கேக்கறதுக்கு எனக்கு மனசு வரலதான்."

பள்ளி டிவி பழையது, பென்டிரைவ் செருக இடமில்லை. டிவிடி பிளேயர் இருக்கிறது, டிஸ்க்காகப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். சரியென்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜனவரி 23, வியாழன்

வார ஓய்வு. மகள் கனி பள்ளிக்கூடம் போன பிறகு பீரோவிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். முதல் வேலையாகச் சத்தத்தை மூடினேன். அவள் முகத்தைப் பார்த்துவிடலாம், போட்டோதான் தினமும் பார்க்கிறோமே. குரல் முடியாது.

முகமும் சுலபமாக இல்லை. எல்லா வீடியோவிலும் முதலில் நேராக என்னைத்தான் பார்க்கிறாள். கேமராவுக்குப் பின்னால் நான்தானே நின்றேன்.

டிஸ்க் எழுதி முடிந்தது. அரூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன்.

ஜனவரி 28, செவ்வாய்

படம் வருகிறதாம், சத்தம் இல்லையாம்.

பிளேயரில் கோளாறா என்று கேட்டேன். ஆண்டுவிழாப் பாட்டு டிஸ்க் போட்டுப் பார்த்தோம், நன்றாகப் பாடுகிறது என்றார் டீச்சர். பிள்ளைகள் முழுப் பாடமும் உட்கார்ந்து பார்த்தார்களாம். இப்போது பேசும், அப்புறம் பேசும் என்று. சுமா எழுதுகிறாள், திரும்புகிறாள், கையை ஆட்டி விளக்குகிறாள், வாய் அசைகிறது. பாடம் முடிந்த பிறகு ஒரு பெண் எழுந்து கேட்டிருக்கிறாள்.

"செத்துப் போனவங்க பேச மாட்டாங்களா டீச்சர்?"

அதை ஏன் என்னிடம் சொன்னார்? சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜனவரி 29

சத்தத்தை மூடி வைத்துக்கொண்டு எழுதினேனே, அதனால் மூடியே போய்விட்டதா? அப்படி ஆகாது. ஆகாது என்று தெரியும்.

ஜனவரி 31, வெள்ளி

இணையத்தில் தேடிப் படித்தேன். கேமரா பதிகிற ஒலி வகை ஒன்று, டிவிடி பிளேயருக்குப் புரிகிற வகை வேறு. அதை மாற்றாமல் எழுதினால் படம் மட்டும் ஓடும், பிளேயர் ஊமையாக நிற்கும் என்று போட்டிருந்தது. நிம்மதி. மாற்றி வேறு டிஸ்க் எழுதினேன். ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்புவதுதான் முறை. ஹெட்போனைக் காது வரைக்கும் கொண்டுபோனேன். வைக்கவில்லை. கேட்காமலேயே அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அதிலும் சத்தம் இல்லை. இரண்டு பிள்ளைகள் அந்த அறைக்குள்ளேயே வர மாட்டோம் என்கிறார்களாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று கேட்டேன்.

ஹெட்போனை இரண்டு காதிலும் வைத்து ஓட்டினேன். குரல் இருக்கிறது. எழுதி அனுப்பிய அதே பதிவில் இருக்கிறது! ஆனால் அது எங்கிருந்து வருகிறது? திரையில் அவள் எனக்கு முன்னால் நிற்கிறாள். குரல் முன்னாலிருந்து வரவில்லை. வலது பக்கமும் இல்லை, இடது பக்கமும் இல்லை. பின்மண்டைக்குள்ளிருந்தும், மண்டைக்கு வெளியிலிருந்தும், ஆள் இல்லாத இடத்திலிருந்து. திரும்பிப் பார்த்தேன். சமையலறை. யாருமில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க்கூடப் பார்த்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மறுபடி வைத்தேன். "ஏங்க, போர்டு தெரியுதா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். வீடியோவுக்குள்ளும் ஒரு "ம்" கேட்டது. எது முதலில் வந்தது, எது நான் என்று ஒரு நிமிஷம் புரியவில்லை.

இங்கே எனக்குக் கேட்கிறது. அங்கே பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் எனக்குக் கேட்பது என்ன?

பிப்ரவரி 5

சுமா, எங்கிருந்துடி பேசற?

பிப்ரவரி 6, வியாழன்

மறுபடி கேட்டேன். மறுபடியும். வேலை நேரத்திலும் பின்னந்தலையில் யாரோ நிற்பது போலவே இருக்கிறது. நேற்று ஜோலார்பேட்டை கேட்டவருக்குச் சேலம் டிக்கெட் கொடுத்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டை மாற்றிக்கொண்டார்.

பிப்ரவரி 8, சனி

கனி பார்த்துவிட்டாள்.

டியூஷன் போயிருப்பாள் என்று நினைத்து லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தால் கதவருகே நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. நான் மூடப் போனேன்.

"மூடாத. அவங்க எனக்கு அம்மாப்பா."

ஒன்பதாவது படிக்கிற பெண். அக்டோபரிலிருந்து என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. அவளுக்குத் தாங்காது என்றுதான் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஹெட்போன் வேண்டாம் என்று, தன் போனில் மாட்டுகிற இயர்போனைக் கொண்டுவந்து செருகினாள். ஒரு பக்கத்தை என் காதில் வைத்தாள், மறுபக்கத்தைத் தன் காதில். ஓட்டினாள்.

குரல் நேராக வந்தது. சாதாரணமாக. எதிரில் நின்று பேசுகிறாள், அவ்வளவுதான். மூக்கடைத்த ஞாயிறு போலிருக்கிறது, நடுவில் உறிஞ்சுகிறாள். நாங்கள் இரண்டு பேரும் பாடம் முடியும்வரை அசையவில்லை. கனி என் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்தாள்.

அவள் உள்ளே போன பிறகு இயர்போனை இரண்டு காதிலும் வைத்துப் பார்த்தேன். மறுபடி அதே – உடம்பில்லாத குரல், முதுகுக்குப் பின்னால். ஒன்றை எடுத்தேன், முன்னால் வந்தாள். வைத்தேன், போய்விட்டாள். வலதை மட்டும் வைத்தாலும் வருகிறாள், இடதை மட்டும் வைத்தாலும் வருகிறாள். இரண்டும் சேர்ந்தால்தான் இல்லை.

இது பேய் இல்லை. இதற்கு ஏதோ காரணம் இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பிரபாகர் கடைக்குப் போனேன். கடத்தூர் ரோட்டில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன், என்னோடு படித்தவன். கேமராவும் சேலையில் குத்துகிற மைக்கும் அவன் இரவல் கொடுத்ததுதான். நடந்ததையெல்லாம் சொன்னேன், பின்னந்தலை விஷயத்தைத் தவிர. அப்புறம் அதையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"அந்த மைக்குக்கு வேற பின்னு போட்டுக் குடுத்தேன்ல, அதான். ஒரு பக்கம் நேரா பதிஞ்சிருக்குது, இன்னொரு பக்கம் தலைகீழா பதிஞ்சிருக்குது. ஒண்ணு தள்ளுனா இன்னொண்ணு இழுக்குது. ரெண்டையும் ஒரே ஸ்பீக்கர்ல சேத்து வுட்டீன்னா ஒண்ணையொண்ணு தின்னுரும். சுத்தமா ஒண்ணும் கேக்காது."

பள்ளியின் டிவியில் ஒரே ஸ்பீக்கர். பிளேயரின் இரண்டு வயரையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் செருகியிருப்பார்கள் என்றான். கடையிலிருந்த ஒற்றைப் பெட்டியில் அப்படியே சேர்த்து ஓட்டிக் காட்டினான். சுமா வாயசைத்தாள். பெட்டியில் சத்தமே இல்லை. சித்தேரியில் பிள்ளைகள் பார்த்தது இதைத்தான். ஒரு வயரைப் பிடுங்கினான்.

"எல்லாரும் நோட்டை எடுத்தாச்சா?"

கடை முழுக்க அவள் குரல். ரோட்டில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். பிரபாகர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ தேடுகிற மாதிரி நின்றான். சுமாவை அவனுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, தலைகீழான பக்கத்தை எடுத்துவிட்டு நல்ல பக்கத்தையே இரண்டிலும் போடு, தீர்ந்தது என்றான்.

பிப்ரவரி 12, புதன்

எல்லாப் பாடத்தையும் திருப்பி எழுதியாயிற்று. ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கரில். கனி பக்கத்தில் உட்கார்ந்து டிஸ்க் மேல் பாடத்தின் பெயரை எழுதினாள்.

பிப்ரவரி 15, சனி

கண்டக்டரிடம் கொடுத்தனுப்பவில்லை. கனியோடு நானே போனேன். அரூரில் பஸ் மாறி மலையேறும்போது கனி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அம்மா வாரா வாரம் இதே பஸ்ஸிலா வந்தாங்க என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நான் ஒருமுறைகூட அவளோடு வந்ததில்லை.

பிள்ளைகள் கதவோரமாகவே உட்கார்ந்திருந்தார்கள். சாலம்மாள் டீச்சர் யாரையும் முன்னால் வரச் சொல்லவில்லை. டிஸ்க்கைப் போட்டார். சுமா வந்தாள். போர்டு தெரியுதா என்று என்னைக் கேட்டாள், என் "ம்" வந்தது, அந்த அறையில் ஒரு பெருமூச்சு கேட்டது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்குக் கேள்வி கேட்டவள் அவள்தான் என்று டீச்சர் பிறகு சொன்னார்.

முக்கோணவியல். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் சுமா நிறுத்தி, "புரிஞ்சுதா?" என்றாள். அவள் வழக்கம் போல் பதிலுக்காகக் காத்திருந்தாள். எங்கள் வீட்டில் அந்த இடம் வெறுமையாகத்தான் பதிந்திருந்தது.

"புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று மொத்த வகுப்பும் சொன்னது.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கனி வரவில்லை. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

சித்தேரிக்குக் கணக்கு டீச்சர் வந்துவிட்டாராம், சாலம்மாள் டீச்சர் போனில் சொன்னார். டிஸ்க்கைத் திருப்பித் தரட்டுமா என்றார். அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

கனி பத்தாவது. காலையில் டிவியில் சுமாவின் பாடத்தை ஓட்டிவிட்டு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்துதான் குரல் வந்தது. திரும்பவில்லை. குக்கர் விசில் அடித்தது. அந்தப் பாடத்திலும் ஒரு விசில் உண்டு, சுமா பேச்சை நிறுத்திவிட்டு, "ஏங்க, அடுப்ப அமத்துங்க" என்பாள். வீடியோவிலா, இங்கேயா என்று தெரியாமல் கத்தியோடு நின்றேன்.

"அப்பா, நம்ம குக்கருதான்" என்றாள் கனி டிவி முன்னாலிருந்து.

அடுப்பை அணைத்தேன்.