சுமலதா பார்த்த என் பயம்

பிப்ரவரி 3

கேன்டீனில் இன்று சர்க்கரைப் பொங்கல். இனிப்பு போட்டால் பின்னாலேயே ஓர் அறிவிப்பு வருவது எங்கள் கம்பெனி வழக்கம். வந்தது. எச்.ஆர். அனுப்ரியா மேடம் மைக்கைப் பிடித்து, "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தார். குடும்பத்தில் ஒருவரை லைன் லீடர் ஆக்குவார்களாம். சிலருக்குக் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க மாட்டார்களாம். யார் யார் என்பதை ஒரு பேய் முடிவு செய்யும்.

கிண்டல் இல்லை. கண்ணில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். கருவி, விரலில் ஒரு கிளிப். பேய்ப் படம் ஓடும். நாடித்துடிப்பையும் வியர்வையையும் பார்த்து, எதற்குப் பயப்படுகிறோமோ அதையே இன்னும் அதிகமாகக் காட்டும். பயப்படாதவர்களுக்கு மன உறுதி அதிகம் என்று அர்த்தம். கார் ஒயரை இணைப்பதற்கு எதற்கு இவ்வளவு மன உறுதி என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பொங்கல் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 5

கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள் என்பதால் அந்த மெஷினை ஓட்டும் வேலை எனக்கு. ஏ.சி. அறை. நாற்காலி! புதுக்கோட்டையிலிருந்து ஓசூர் வந்த நாளிலிருந்து நின்றுகொண்டேதான் சம்பாதித்திருக்கிறேன். அம்மாவுக்குப் போன் போட்டு, "பேய் காட்டுற வேலைம்மா" என்றேன். மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள்.

பிப்ரவரி 6

பேய் இங்கிலீஷில் அலறுகிறது. பாதிப் பேருக்கு அது என்ன சொல்கிறது என்றே புரியவில்லை. ஒருத்தி பாதியில் கண்ணாடியைத் தூக்கி, "லாவண்யாக்கா, அது என்னமோ கேக்குது, பதில் சொல்லணுமா?" என்றாள்.

பிப்ரவரி 8

இன்று முனிராஜ். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆள். பாழடைந்த பங்களா, முடி விரித்த பெண், ரத்தம், எதற்கும் அவன் அசையவில்லை. மெஷின் அவனைக் காட்டுக்குள் கொண்டுபோய் மரத்துக்குப் பின்னால் ஒரு யானையை நிறுத்தியது. நாடி எகிறியது. மெஷினுக்கு உற்சாகம், யானையைக் கூட்டமாக்கியது. முனிராஜ் எழுந்து நின்று "ஹோய்! ஹோய்!" என்று கத்தி, கையில் அகப்பட்ட தண்ணீர் பாட்டிலைச் சுவரில் எறிந்தான். "ராகி போச்சு, எல்லா ராகியும் போச்சு!"

அறிக்கை: கட்டுப்பாடற்ற பயம்.

வருஷா வருஷம் நிஜ யானையை வயலிலிருந்து விரட்டுகிறவன் அவன். அதை எழுத அறிக்கையில் இடம் இல்லை.

பிப்ரவரி 10

கேன்டீனில் எல்லோரும் மூச்சுப் பயிற்சி செய்கிறார்கள். சாம்பார் ஆறிப்போகிறது.

பிப்ரவரி 11

பஸ்ஸில் சுமலதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உத்தனப்பள்ளிக்காரி. லைனில் எனக்கு எதிரே நின்று வேலை செய்தவள். என் டிபன் பாக்ஸை என்னைவிட அதிகம் திறந்தவள்.

"அக்கா, எனக்கு நாலாவது மாசம். இங்க யாருக்கும் சொல்லல" என்றாள் மெதுவாக.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் கர்ப்பம் என்று தெரிந்த பிறகு காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்ட ஒருத்தியையும் நான் இங்கே பார்த்ததில்லை. காரணம் மட்டும் வேறு ஏதாவது இருக்கும்.

"சும்மா உக்காந்திருந்தாவே படபடன்னு அடிச்சிக்குது. அந்த மெஷினு காட்டிக்குடுத்துருமா?"

நாளை அவள் முறை.

பிப்ரவரி 12

செய்துவிட்டேன்.

யோசனை எளிது. நான் பார்த்துப் பார்த்து அலுத்த பேய். என் நாடி அசையாது. சுமலதாவுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, கிளிப்பை மேஜைக்கு அடியில் என் விரலில் மாட்டிக்கொண்டேன். பங்களா வந்தது, ஒன்றுமில்லை. முடி விரித்த பெண் வந்தாள், எனக்குக் கொட்டாவி வந்தது.

அப்போது வெளியே மேடத்தின் செருப்புச் சத்தம். அதே நேரம் பார்த்துத் திரையில் ஒரு கதவு திறந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. மெஷின் கண்டுபிடித்துவிட்டது, இவளுக்குக் கதவுதான் என்று! அதன்பிறகு கதவு மேல் கதவு. இரும்புக் கதவு, மரக்கதவு, தானாக ஆடும் கைப்பிடி. அறைக்கு வெளியே மேடம் நின்று போன் பேசிக்கொண்டிருக்கிறார். என் உள்ளங்கை வழுக்குகிறது. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மெஷின் எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் தட்டியது.

சுமலதா நிதானமாக, "அக்கா, எவ்ளோ கதவு! ஒண்ணுலயும் யாரும் வரலியே" என்றாள்.

மேடமும் வரவில்லை. பேசி முடித்துப் போய்விட்டார்.

அறிக்கை: சுமலதா – மிகக் கடுமையான பயம். இதுவரை யாருக்கும் வராத அளவு.

"பாஸாக்கா?" என்று கேட்டாள். "நல்லா முடிஞ்சிருச்சு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

பிப்ரவரி 14

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். புதுப்பிக்கப்படாதவர்களில் முதல் பெயர் சுமலதா. முனிராஜும் இருக்கிறான்.

அவள் அழவில்லை. "நான் பயப்படவே இல்லியேக்கா. எனக்கே தெரியாம என் ஒடம்பு பயந்துருச்சா? வயித்துல இருக்கறது பயந்துருச்சா?" என்று கேட்டாள்.

அடிப்பாவி லாவண்யா. என்ன காரியம் பண்ணி வச்சிருக்க.

பிப்ரவரி 15

இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நானும் போவேன். வாடகை, அம்மா, எல்லாம் தெரியும். ஆனா அவ மொகத்த எப்படிப் பாக்குறது?

பிப்ரவரி 17

முதலில் சுமலதாவிடம் சொன்னேன். "அத்தன கதவும் உன்னுதாக்கா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

பிறகு மேடம் அறை.

"மேடம், சுமலதா அறிக்கை தப்பு. கிளிப்பு என் விரல்ல இருந்துச்சு."

"மெஷின் பொய் சொல்லாது லாவண்யா."

"அது பொய் சொல்லல மேடம். நான்தான் சொல்ல வச்சேன்."

"எதுக்கு?"

"பாவம்னு தோணுச்சு." கர்ப்பத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மேடம் அறிக்கையில் இருந்த நாடிக் கோடுகளைத் திரும்பப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்கு இவ்ளோ பயம்?"

"நீங்க வெளியில நின்னுட்டிருந்தீங்க மேடம்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். முகத்தில் லேசாகப் பெருமைதான் தெரிந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். நாளை முதல் திரும்ப லைனில். நாற்காலி போயிற்று. சுமலதாவுக்கு மறு சோதனை, மேடமே ஓட்டுவாராம்.

பிப்ரவரி 18

சுமலதா தூங்கிவிட்டாளாம்!

"மெத்தை நாற்காலி, ஏ.சி., இருட்டு. மசக்கையில ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லக்கா. என்ன பண்றது, கண்ணு சொருகிடுச்சு."

மெஷின் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் காட்டிப் பார்த்து, கடைசியில் தானே நின்றுவிட்டதாம். நாடி ஏறவே இல்லை, இறங்கியது. படபடப்பு? ஆரம்பத்தில் எவ்வளவு அடிக்கிறதோ, அதிலிருந்து ஏறுகிறதா என்றுதான் மெஷின் பார்க்குமாம். அவள் விரலிலேயே விட்டிருந்தால் அன்றே தேறியிருப்பாள். அந்த மெஷினை ஓட்டியவள் நான். எனக்கு இது தெரியாது. டிப்ளமோ.

மார்ச் 6

பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். கேட்டில் ஆளுயர பேனர்: "அஞ்சாத சுமலதா – நம் குடும்பத்தின் பெருமை." அவள்தான் லைன் லீடர். மாலை, கைதட்டல், போட்டோ. ரெண்டு வார்த்தை பேசு என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் நன்றிங்க. எனக்கு இப்ப அஞ்சாவது மாசம். ஜூலைல கொழந்த பொறக்கும். சம்பளத்தோட லீவு வேணும். நம்ம குடும்பம்னு மேடம் சொல்லிட்டே இருப்பாங்க, அதான் இங்கயே கேட்டுட்டேன்."

எல்லோரும் மேடத்தைப் பார்த்தோம். பிறகு பெங்களூர்க்காரர்களில் ஒருவர் கைதட்டினார். எல்லோரும் தட்டினோம். மேடம் கடைசியாகத் தட்டினார்.

முனிராஜ் வேலையை விட்டு அனுப்பப்பட்டுவிட்டான். அவனுக்காக நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 19

சுமலதாவுக்குப் பெண் குழந்தை. லீவு கிடைத்தது, சம்பளத்தோடு. ஷிப்ட் முடிந்ததும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகம் வெளுத்துக் கிடந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"ரொம்பப் பயந்துட்டேன்க்கா. செத்துருவேன்னு நெனச்சேன். என்னா கத்து கத்துனேன் தெரியுமா? வார்டே கேட்டுச்சு."

வார்டு வாசல் வழியாகப் பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். உதட்டைக் கடித்துச் சத்தத்தை அடக்கிக்கொண்டிருந்தாள். சுமலதா தலையைத் தூக்கி, இருக்கிற தெம்பையெல்லாம் கூட்டி, "கத்தும்மா, நல்லாக் கத்து! ஒண்ணும் ஆவாது!" என்றாள்.