அவள் சொன்ன 'சரிங்க'

1955 மார்ச் 3, வியாழன்

என் நாற்காலியை இன்று பதிவேட்டு அறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "அங்க காத்து நல்லா வரும் சார்" என்றான், தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் இங்கிலீஷ் குமாஸ்தா. இருபத்திரண்டு வருடம் இந்தக் கோர்ட்டில் துபாசியாக நின்றவன் நான். சாட்சி சொன்னதை நீதிபதிக்குப் பிரெஞ்சில் சொல்வேன், நீதிபதி கேட்டதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வேன். ஒரு சொல் கூட்டியதில்லை, ஒரு சொல் குறைத்ததில்லை. பிரெஞ்சுக் கொடி இறங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் எனக்குக் காற்று வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்தால் செல்லம் இடது கையால் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். வலது கை விலாவோடு ஒட்டிக் கிடக்கிறது. முழங்கைக்குக் கீழே வீங்கி, வளையல் ஏறாமல். வருகிற ஜூலையோடு இரண்டு வருடம். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அவளுடைய வலது மார்பை எடுத்த நாளிலிருந்து அந்தக் கை தோளுக்கு மேலே போனதில்லை. பானை நழுவப் பார்த்தது. எழுந்தேன்.

"வேணாம், உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன்.

மார்ச் 6, ஞாயிறு

செல்லத்தின் அக்காள் காசியம்மா வீட்டில் காதுகுத்து. எல்லோருக்கும் கூடத்தில் இலை, செல்லத்துக்கு மட்டும் பின்கட்டில். "பத்தியக்காரி, அவளுக்குத் தனியா இருந்தாத்தான் தோது" என்றாளாம். மீன் கூடாது, கத்தரிக்காய் கூடாது, பருப்பு கூடாது என்று பத்தியம் போட்டதே அவள்தான். செல்லம் மடியில் எடுத்து வைத்த குழந்தையையும் வாங்கிக்கொண்டாள். "புள்ளைக்கு ஒட்டிக்கிட்டா என்ன செய்யிறது?" கூடப்பிறந்தவள் கேட்கிறாள்.

செல்லம் சாப்பிடாமல் திரும்பினாள். இந்த ஜென்மத்தில் நான் காசியம்மாவை மன்னிப்பதாக இல்லை.

மார்ச் 9, புதன்

செல்லத்துக்கு அறுவை செய்த அதே பிரெஞ்சு டாக்டர், தன் வேலை ஒப்பந்தம் முடியும்வரை, மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை புதுச்சேரியிலிருந்து இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். மூன்றாவது கடிதம் எழுதியிருக்கிறார். ஏன் இன்னும் அழைத்து வரவில்லை, கையை அசைக்காமல் வைத்திருந்தால் இறுகிவிடும், மற்றப் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும், தாமதிப்பது ஆபத்து.

படித்துக் காட்டினேன். பாதிதான்.

"அந்தப் பாவி மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாள். "கட்டியை எடுக்கறேன்னுதானே சொன்னான்? மயக்கம் குடுத்துட்டு மொத்தமா அறுத்துப் போட்டான். இன்னும் என்ன பாக்கணுமாம்? மிச்சத்தையா?"

கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அங்கே இன்னும் இரண்டு கடிதம் இருக்கிறது.

மார்ச் 20, ஞாயிறு

பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் பவுனம்மாள் வாசலில் கூடையை இறக்கினாள். பத்தியம் தொடங்கியதிலிருந்து இந்த வீட்டில் மீன் இல்லை. வேண்டாம், போ என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கதவோரம் நின்ற செல்லத்தின் கையைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்?"

செல்லம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எனக்கு எடது" என்றாள் அவள், ஏதோ மீனில் எந்தத் துண்டு என்று சொல்வதுபோல. "அஞ்சு வருசம் ஆச்சு. உள்ளுக்குள்ள பழந்துணிதான். பாக்குறவன் ரெண்டுன்னு எண்ணிக்கிட்டுப் போறான். நமக்கென்ன நட்டம்?"

வாயை மூடு என்று அதட்டினேன்.

"துபாசி ஐயா கோர்ட்டுல பேசுறவங்க. நம்ம பேச்சு காதுக்கு ஒத்துக்காது" என்றாள் செல்லத்திடம்.

செல்லத்தின் வாயோரம் அசைந்தது. சிரிப்பேதான். இரண்டு வருடமாக நான் பார்க்காதது, ஒரு மீன்காரிக்குக் கிடைத்தது. இனிமேல் இந்த வாசலுக்கு வராதே என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 2, சனி

சமையற்கட்டுச் சுவரில் கரிக்கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. யார் போட்டது என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 10, ஞாயிறு

வாசலுக்கு வராதே என்றேன், பவுனம்மாள் வாசலுக்கு வரவில்லை. கொல்லை வழியாக வருகிறாள். இன்று சமையற்கட்டு ஜன்னலோரம் நின்று கேட்டேன். என் வீட்டில் நானே ஒட்டுக்கேட்கிறேன்.

"சுவத்துல நண்டு ஏறுறாப்பல ஏறணும். வெரலு முன்னால, கை பின்னால. ம்... ஏறு."

"வலிக்குது பவுனு."

"வலிக்கும்தான். வலிக்குதேன்னு நண்டு இறங்கிடுமா? நேத்து போட்ட கோட்டைத் தொடு, அது போதும். மாங்கனித் திருவிழாவுல சாமி வர்றப்ப நீ மாடியிலேருந்து மாம்பழம் வீசணும், நான் கீழே நின்னு பிடிக்கணும். சும்மா விட்டுட மாட்டேன்."

மூச்சு வாங்கும் சத்தம். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தப் புற்றுநோய்க்குப் பிரெஞ்சில் வைத்திருக்கும் பெயரே லத்தீனில் நண்டைக் குறிக்கும் சொல்தான். அவர்களுக்குத் தெரியாது. ஜன்னல் வழியாகச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஏப்ரல் 24, ஞாயிறு

மத்தியானம் கெளுத்தி மீன் குழம்பு. பத்தியம் என்ன ஆயிற்று என்றேன். "பவுனு அஞ்சு வருசமா எல்லாம் சாப்பிடுறா" என்றாள். விடிந்ததும் இருவரும் அரசலாற்றங்கரை வரை நடந்துவிட்டு வருகிறார்கள். வலது கையில் குடம் எடுப்பதில்லை, சூடு படாமல் பார்த்துக்கொள்கிறாள், படுக்கும்போது கைக்கு ஒரு தலையணை. பவுனம்மாளிடம் இதையெல்லாம் யார் சொன்னது? அவளுக்கும் அந்த டாக்டர்தான். ஒரு நர்ஸ் ஜாடையாகக் காட்டினாளாம். ஜாடையில் புரிந்துகொண்டதை அவள் ஒரு சொல் விடாமல் சொல்லிக்கொடுக்கிறாள்.

என் பெட்டியில் மூன்று கடிதம். எல்லாம் சுத்தமான பிரெஞ்சில்.

மே 2, திங்கள்

இதை எழுதாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு வருடம் இருந்தேன்.

1953 ஜூலை. கட்டிலில் செல்லம், கால்மாட்டில் டாக்டர், நடுவில் நான். கட்டியை மட்டும் எடுத்தால் போதாது, மார்பு முழுவதையும் கக்கத்து நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும் என்றார். "இந்த அம்மாவைக் கேளுங்கள். அவர் சம்மதிக்காமல் நான் தொட மாட்டேன்." இதுதான் அவர் சொன்னது. காதில் இன்றும் இருக்கிறது.

செல்லம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "சின்னக் கட்டிதான். எடுத்துடுவாங்களாம். பயப்படாத."

"சரிங்க" என்றாள்.

டாக்டரிடம் திரும்பி, சம்மதிக்கிறாள் என்றேன்.

'சரிங்க' என்ற சொல்லை நான் பிழையில்லாமல்தான் மொழிபெயர்த்தேன். கேள்விதான் வேறு.

எதற்குச் செய்தேன்? மறுத்துவிடுவாள், செத்துப்போவாள் என்ற பயம். அது மட்டும்தானா? அந்த வார்த்தையை என் வாயால் அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை, அதுவும்தான். மயக்கம் தெளிந்து, தடவிப் பார்த்து, அவள் போட்ட சத்தம் — அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவளாக டாக்டரைத் திட்ட ஆரம்பித்தாள். நான் விட்டுவிட்டேன். இப்போது அதனால்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போக மறுக்கிறாள். மற்றப் பக்கத்தில் ஏதாவது வந்தால் யாருக்கும் தெரியாது. சொன்னால் போவாள். சொன்னால் என்னை —

எனக்குத் துரோகம் செய்தவர்கள் என்று ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறேன். காசியம்மாவிலிருந்து தஞ்சாவூரான் வரை. என் பெயர் அதில் இல்லை.

மே 22, ஞாயிறு

செல்லம் தானாகவே என்னிடம் வந்து பேசினாள். பவுனம்மாளுக்குக் கழுத்துக்குழியில் கட்டியாம். "டாக்டர் வர்ற புதன்கிழமைக்கு நீங்க வரணும். ஜாடையில கேக்குற விஷயமில்ல இது. நீங்க பக்கத்துல நின்னு சொல்லணும்."

"நீயும் வருவியா?"

"அவளுக்காக வருவேன். அந்த ஆளுக்காக இல்ல."

ஜூன் 8, புதன்

ஆஸ்பத்திரி. டாக்டர் பவுனம்மாளின் கழுத்தை வெகுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார். நோய் திரும்பிவிட்டது. இனி அறுத்துப் பயனில்லை. சென்னைக்குப் போய்க் கதிர் சிகிச்சை செய்துகொண்டால் வலி குறையலாம். நாள் அதிகமில்லை.

பவுனம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லம் பார்த்த அதே மாதிரி. 'சின்னக் கட்டிதான்' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன், அவர் சொன்ன வரிசையிலேயே.

மடியில் வைத்திருந்த காலி மீன்கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "தீபாவளி பாப்பேனான்னு கேளுங்க."

கேட்டேன். "பாக்கலாம், பாக்காமலும் போகலாம்ங்கிறார்" என்றேன்.

"சரி. எம் பசங்க ரெண்டு பேரும் மூணு வருசமா பேசிக்கிறதில்ல. சேத்து வச்சுடலாம், அதுக்கு நாள் இருக்கு. நல்லாச் சொன்னீங்க ஐயா. தெரியாம இருந்தா இன்னிக்கு நாளைக்குன்னு விட்டிருப்பேன்."

அப்போதுதான் டாக்டர் கதவோரம் நின்ற செல்லத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றாள்.

நலமா என்று கேட்கிறார் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பவுனம்மாள் இன்னும் கூடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சொன்னேன். "இந்த அம்மா துணிச்சல்காரி. மார்பை எடுக்கணும், உங்க சம்மதம் வேணும்னு நான் கேட்டப்ப ஒரு நிமிஷத்துல சரின்னு சொன்னாங்க. பயப்படுற பொம்பளைங்ககிட்ட இவங்க கதையைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்... அப்படிங்கிறார்."

செல்லம் டாக்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

டாக்டரிடம் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பார்க்கட்டும் என்று இடது கையால் ஜாடை காட்டினாள். என்னை வெளியே போகச் சொல்லியும் அதே கைதான் காட்டியது.

ஜூன் 9, வியாழன்

மற்றப் பக்கத்தில் ஒன்றுமில்லையாம். நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டில் செல்லம் சோறு எடுத்து வைத்திருந்தாள். பேசவில்லை.

ஜூன் 12, ஞாயிறு

பேசினாள்.

"ரெண்டு வருஷம் அந்த மனுஷனைச் சபிச்சேன். நீங்க பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க."

நான் தலை நிமிரவில்லை.

"கேட்டிருந்தா நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேன்னு நெனச்சீங்களா?"

ஆமாம் என்றேன்.

"சொல்லியிருக்க மாட்டேன். ஒரு ராத்திரி அழுதிருப்பேன். எம் மாருமேல கையை வச்சுப் பாத்துட்டு, போயிட்டு வான்னு சொல்லியிருப்பேன். விடிஞ்சதும் எடுத்துக்கங்கன்னு சொல்லியிருப்பேன். அந்த ஒரு ராத்திரியை நீங்க எடுத்துக்கிட்டீங்க. அதைத் திருப்பித் தர முடியுமா?"

முடியாது. முடியாதுடி. முடியாது.

ஜூலை 5, செவ்வாய்

மாங்கனித் திருவிழா. தெரு கொள்ளாத கூட்டம். சுவாமி எங்கள் வீட்டைத் தாண்டும்போது செல்லம் மாடிக் கைப்பிடியோரம் நின்றாள். கையில் ஒரு மாம்பழம். வலது கையில். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

கை தோளுக்கு வந்தது. நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். காதைத் தாண்டியது. வீசினாள். வெகுதூரம் போகவில்லை, வாசலுக்கு நேர் கீழேதான் விழுந்தது. அங்கே பவுனம்மாள் முந்தானையை ஏந்தி நின்றிருந்தாள், பாதியாகக் கரைந்துபோய், இரண்டு பக்கமும் இரண்டு மகன்கள் தாங்கிப் பிடிக்க. பழம் முந்தானையில் விழுந்தது. மேலே பார்த்து என்னவோ கத்தினாள். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. செல்லத்துக்கு மட்டும் கேட்டது போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

தொடலாமா என்று கையை நீட்டினேன். நகர்ந்துகொண்டாள்.

செப்டம்பர் 18, ஞாயிறு

பவுனம்மாள் போய்விட்டாள். செல்லம் பட்டினச்சேரியிலேயே மூன்று நாள் இருந்துவிட்டு வந்தாள். நானும் போனேன். பவுனம்மாளின் மகன் நாற்காலி கொண்டுவந்து போட்டான். "அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்துச்சுங்க, ஐயா மறைக்காம சொன்னாங்கன்னு" என்றான். என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

கொல்லைக் கதவை இப்போது நான்தான் தினமும் திறந்து வைக்கிறேன். யாரும் வருவதில்லை.

அக்டோபர் 2, ஞாயிறு

சுவரில் விரலை ஏற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"'என்னைக் கேளுங்க'ன்னு பிரெஞ்சுல எப்படிச் சொல்றது?"

சொன்னேன். தமாந்தே முவா.

"தமாதே —"

"மா-ந்-தே. மூக்கால சொல்லணும்."

பத்துப் பதினைந்து தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவைக்கும் விரல் ஒரு கோடு ஏறியது. இருபத்திரண்டு வருடத்தில் இத்தனை கவனமாக நான் யாருக்கும் ஒரு சொல்லைக் கொடுத்ததில்லை. போதும், பிழையில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அக்டோபர் 12, புதன்

ஆஸ்பத்திரி வரை கூட வந்தேன். வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பெஞ்சில் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண், ஜன்னத் என்று பெயராம், உட்கார்ந்திருந்தாள். அறுவை செய்த கட்டு இன்னும் பிரிக்கவில்லையாம். செல்லம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

கூப்பிட்டபோது இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். நான் எழுந்தேன். செல்லம் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. "நீங்க இங்கயே இருங்க" என்றாள்.

அரைக்கதவு சாத்திக்கொண்டது. அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "தமாந்தே முவா." அந்த 'மா' கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

பிறகு டாக்டர், தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லைத் தேடித் தேடி எடுத்து, மெதுவாக, "வலி... இங்கே... இருக்கா?" என்று கேட்டார்.

செல்லம் பதில் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.