கடலில் கொட்டிய பாடம்

மார்ச் 4

தம்பிக்கு,

என் கொட்டகையைத் திறந்து, நான் கடலோரத்தில் பொறுக்கி வைத்திருந்த ஒன்பது மூட்டை பிளாஸ்டிக்கை எடுத்துப் போய், உன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வருவதற்கு முன் மணலில் கொட்டியிருக்கிறாய். பிறகு அந்தப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து, "பாருங்க, கடல் என்ன கக்கியிருக்குன்னு" என்று பாடம் நடத்தியிருக்கிறாய். கடல் கக்கவில்லை. நீதான் அதன் வாயில் திணித்தாய். ஒன்பது மூட்டை போனது, ஆறுதான் திரும்பி வந்திருக்கிறது. மீதியை அலை கொண்டுபோய்விட்டது.

எப்படித் தெரியும் என்று கேட்காதே. மறுநாள் காலை வழக்கம்போல் நடந்தேன். பாறை ஓரத்தில் ஒரு பாட்டில். குனிந்து எடுத்தால் அதன் மேல் "ஜூலை 14, பாறை முனை" என்று மார்க்கரில் எழுதியிருக்கிறது. என் கையெழுத்து. நான் பொறுக்குகிற ஒவ்வொன்றிலும் தேதியும் இடமும் எழுதி வைப்பேன் என்பது உனக்குத் தெரியும். "பைத்தியக்கார வேலை" என்று சிரித்தவன் நீதானே. அன்றைக்கு மட்டும் என் கையெழுத்தை நான் முப்பத்தோரு தடவை பொறுக்கினேன். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருஷம் பயணிகள் படகில் கழிவறை கழுவியவள் நான். எனக்குச் சும்மா குமட்டாது.

துறைமுகக் கடைக்காரர் உங்கள் வீடியோவைக் காட்டினார். பிள்ளைகள் கையில் புது உறை. முதுகுக்குப் பின்னால் "கடலைக் காப்போம்" என்று பத்தடி பிளாஸ்டிக் பேனர். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட். கூந்தல் சுற்றிய சீப்பு, ஊறி உப்பிய டயப்பர், பல் போன பிரஷ், இதையெல்லாம் நான் வெறுங்கையால் எடுத்திருக்கிறேன். அதில் எதுவும் இவ்வளவு அசிங்கமாக இல்லை.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

கொட்டகைச் சாவி வீட்டுச் சாவிக் கொத்தில் இருந்தது. நான் வழுக்கி விழுந்தால் வந்து கதவைத் திறக்கத்தான் அந்தக் கொத்தைக் கொடுத்தேன். தபாலில் திருப்பி அனுப்பு.

அக்கா

---

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சாவி இத்துடன் இருக்கிறது. மூட்டு வலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறாயா, இல்லை அதற்கும் தேதி எழுதி அடுக்கி வைத்திருக்கிறாயா?

நடந்ததைக் கேள். பாடத்தைப் பார்க்க மேலிடத்திலிருந்து மூன்று பேர் வருவதாக இருந்தது. ஒரு மாதமாகப் பிள்ளைகளைத் தயார் செய்தேன். ஆமை வயிற்றில் பை, மீன் குடலில் துகள் என்று படம் படமாகக் காட்டினேன். அன்று விடிந்ததும் போய்ப் பார்த்தால் கடற்கரை கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கிறது. யார் வேலை? உன் வேலை. முந்தின நாள்தான் பெருக்கி எடுத்திருக்கிறாய். குப்பையே இல்லாத இடத்தில் குப்பையைப் பற்றி என்னத்தைச் சொல்ல? தலைமையாசிரியர் கையைப் பிசைந்துகொண்டு, "சார், ஏதாவது பண்ணுங்க" என்கிறார். உன் கொட்டகை நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் திரும்பப் பொறுக்கிவிடுவார்கள், அப்படியே வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

நீர் ஏறும் நேரத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டேன். அட்டவணையில் முந்தின நாள் வரியைப் படித்திருக்கிறேன். ஒரு அலை வந்தது, பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள், அவ்வளவுதான். தப்புதான்.

ஆனால் இப்படிக் கொலைக் குற்றவாளிக்கு எழுதுவது மாதிரி எழுதாதே அக்கா. எனக்குப் பத்து வயதில் உனக்குச் சாப்பாடு கொண்டு படகுக்கு வருவேன். பின்தளத்தில் துடைப்பத்தோடு நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று பார்த்திருக்கிறேன். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உன் தம்பி

---

மார்ச் 13

தம்பிக்கு,

பார்த்தாய். சரி. நீ பார்த்ததை நானே முழுதாகச் சொல்கிறேன்.

பின்தளத்தில் கீழ்ப் பக்கம் ஒரு மடிப்புக் கதவு. பயணிகள் இறங்கியதும் மேற்பார்வையாளர், "ம், ம், அடுத்த நடைக்கு நேரமாச்சு" என்பார். கப், தட்டு, பை, எச்சில் சோறு, குழந்தை வாந்தி, எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்து அந்தக் கதவு வழியாகத் தள்ளுவோம். ஒரு நாளைக்கு எட்டு நடை. கடலில் குப்பை கொட்டத் தடை வந்து அந்தக் கதவை வெல்டிங் வைத்து மூடும்வரை பத்தொன்பது வருஷம் தள்ளினேன். தளம் பளபளவென்று இருக்கும். "உன்னை மாதிரி சுத்தமா யாரு பெருக்குறாங்க?" என்பார் மேற்பார்வையாளர். எனக்கும் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமையை நினைத்தால்தான் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. அது எங்கே போகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, பாறை முனையில் எங்கள் படகு கம்பெனியின் முத்திரை போட்ட கப் ஒன்று கிடந்தது. அந்த முத்திரையைக் கம்பெனி மாற்றியே பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கப் அப்படியே இருக்கிறது. நான் தள்ளியதாகவும் இருக்கலாம். அன்றிலிருந்துதான் நூலகத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்: நீரோட்டம், காற்று, எது மிதக்கும், எது முழுகும். அதற்காகத்தான் தேதியும் இடமும். எந்த மாதம், எந்தத் துறையிலிருந்து, எது வருகிறது என்று மூட்டை மூட்டையாக அத்தாட்சி வைத்திருந்தேன். நீ அதை அலங்காரச் சாமான் ஆக்கினாய்.

நான் தெரியாமல் தள்ளினேன். உனக்குத் தெரியும், பாடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டினாய். இரண்டும் ஒன்றில்லை. ஆனாலும் என்னுடையதைச் சொல்லி உன்னுடையதை மூடாதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டாயா?

அக்கா

---

மார்ச் 20

அக்காவுக்கு,

சொல்லவில்லை. உன்னிடம் மறைத்துப் பயன் இல்லை.

வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். எல்லோரும் "நச்சரிப்பு" என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்கே, பள்ளிக்குத் திரும்பியதும், ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சார், இதுல தேதி எழுதியிருக்கு. கடல் பேனா வச்சிருக்கா சார்?" மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரோ ஆராய்ச்சிக்காரர் எழுதியிருப்பார் என்றேன். "அப்ப எடுத்தவரு ஏன் சார் திரும்பப் போட்டாரு?" என்றாள். மணி அடித்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன். மணி அடிக்கவில்லை.

அந்த வீடியோ பரிசுக்குத் தேர்வாகியிருக்கிறது. பிள்ளைகள் குதிக்கிறார்கள். இப்போது போய் எப்படிச் சொல்ல? தலைமையாசிரியர் என்னைப் பிய்த்துப் போட்டுவிடுவார். ஆண்டுத் தேர்வு முடியட்டும், பரிசு விழா முடியட்டும். அதன் பிறகு சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள் அக்கா.

நச்சரிப்பு இப்போதெல்லாம் கேள்வி கேட்பதில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதுதான் என்னவோ போல் இருக்கிறது.

தம்பி

---

மார்ச் 24

தம்பிக்கு,

பொறுக்க முடியாது. விழா முடியட்டும் என்கிறாய். அடுத்த நடைக்கு நேரமாச்சு என்று மேற்பார்வையாளர் சொன்னதும் இதே குரலில்தான். கேட்டுக் கேட்டு ஓய்ந்த பெண் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள் என்று எழுதியிருக்கிறாயே, உன் கடிதம் முழுவதிலும் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஒரு வரிதான். அலையோடு போன மூன்று மூட்டையை நான் இருக்கிற காலம்வரை பொறுக்குவேன். இவள் கேள்வியை யார் பொறுக்குவது?

வியாழக்கிழமை பத்து மணிக்கு உன் வகுப்புக்கு வருகிறேன். அதற்குள்ளும் அன்றும் நடக்க வேண்டியவை:

தலைமையாசிரியர்: பரிசுக்காரர்களுக்கு எழுதி அந்த வீடியோவைத் திரும்பப் பெற வேண்டும். நீ கேட்டு அவர் மறுத்தால் வியாழனன்று நான் கேட்கிறேன். என் குரல் பள்ளி வராந்தா முழுக்கக் கேட்கும் என்று சொல்லி வை.

அந்த பேனர்: பள்ளியில் யார் கட்டினார்களோ அவர்களே அவிழ்த்து என் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும். தேதி எழுதி வைக்கிறேன்.

நீ: எல்லோருக்கும் முன்னால் முதலில் நச்சரிப்பிடம் பதில் சொல்ல வேண்டும். "எடுத்தது என் அக்கா. திரும்பப் போட்டது நான்." அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்காதே. நீர் அட்டவணை, மேலிடம், எதுவும் வேண்டாம்.

நான்: நீ உட்கார்ந்த பிறகு எழுந்து, மடிப்புக் கதவைப் பற்றிச் சொல்வேன். பத்தொன்பது வருஷம் என்றும் சொல்வேன். அந்தக் கப்பைக் கொண்டு வருகிறேன்.

பிள்ளைகள்: எதுவும் செய்ய வேண்டாம். கை தட்டவும் வேண்டாம். கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். மணி அடித்தாலும் நாம் இருவரும் நகரக் கூடாது.

சாவி: என் பையில் இருக்கும். எல்லாம் முடிந்து வாசலில் நிற்கும்போது நீ கையை நீட்ட வேண்டும். நான் இன்னும் வழுக்கி விழவில்லை.

அக்கா