நண்டு துளைத்த கரை

பருத்திப்பட்டு
1943, புரட்டாசி மாதம்

சிரஞ்சீவி துலுக்கானத்துக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறு எரிவதைத் தவிர. பாஸ்ராவில் வெயில் தணிந்ததா, பட்டாளத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, அதை முதலில் எழுது. உன் நைனாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. வெள்ளைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. நல்ல சேதி அவ்வளவுதான். இனி எழுதப்போவது உன் மாமன் ஜம்புலிங்கத்தைப் பற்றி. என் கூடப்பிறந்த தம்பிதான், ஆனாலும் அவன் செய்திருப்பதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வருஷம் மழை இல்லாமல் ஏரி வற்றிக் கிடந்ததே, உள்ளே வண்டி இறங்கும் என்று கண்டதும் நடு ஏரியில் நின்ற கருவேல மரங்களை எல்லாம் வெட்டித் தன் செங்கல் சூளைக்கு விறகாக்கிவிட்டான். மணியக்காரனே அவன், கேட்க யார் இருக்கிறார்கள். கூடு கட்ட வந்த நாரையும் கொக்கும் வக்காவும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதுதான், திரும்பவே இல்லை. சத்தம் ஒழிந்தது நிம்மதி என்றான் பாவி. அதுகள் குஞ்சுகளுக்குப் பொறுக்கிக்கொண்டு போனது நம் கழனி நண்டைத்தானே? தின்ன ஆளில்லாமல் நண்டு பெருகி நாற்றை அடியோடு கத்தரிக்கிறது. சரி, கீழத்தெருப் பெண்களாவது பிடிக்கலாம். அவர்கள் கரையில் வளை தோண்டி நண்டு பிடிப்பதும், பிடித்த வளையில் மண்ணைப் போட்டு நன்றாக மிதித்துவிட்டு வருவதும் உனக்குத் தெரியும். அதற்கும் வந்தது தடை. தோண்டினால் கரை உடையுமாம், தண்டோரா போட்டுவிட்டான். கரையைக் காப்பாற்றுகிறானாம்! ஊரே தலையாட்டியது, உன் நைனா உட்பட. தின்கிற பறவையும் இல்லை, பிடிக்கிற கையும் இல்லை, வளையை மூடுகிற காலும் இல்லை என்றால் நண்டு எங்கே குடியேறும்? கரைக்குள்தான் குடியேறியது.

இந்த மாதம் ஒரே மூச்சாகக் கொட்டிய மழையில் ஏரி நிரம்பி, மதகுக்குப் பக்கத்தில் கரை கசிய ஆரம்பித்தது. மதகு காக்கிற கன்னியப்பன்தான் பார்த்துக் கூச்சல் போட்டு, நெஞ்சளவு தண்ணீரில் நின்று வைக்கோலும் களிமண்ணும் திணித்து அடைத்தான். உனக்கு நீச்சல் பழக்கினானே, அதே கன்னியப்பன். அவன் இல்லாவிட்டால் நம் கழனி மொத்தமும் மணல் மூடிப் போயிருக்கும். அதற்கு உன் மாமன் கொடுத்த வெகுமதி என்ன தெரியுமா? மீன் பிடிக்கக் கன்னியப்பனே கரையை வெட்டினான் என்று தாலுகாவுக்கு எழுதிப்போட்டான். போலீஸ் வந்து அவனைப் பூந்தமல்லிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவன் பெண்சாதி வேம்புலியம்மாள் நம் வாசலில் நின்று, "அடைச்ச கையப் போயி வெட்டுன கைன்றாங்களேம்மா, நீயாச்சும் கேக்கக் கூடாதா" என்று அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. நானே கரைக்குப் போய் ஒரு வளைக்குள் கையை விட்டேன், முழங்கை வரைக்கும் போகிறது, விரலைக் கவ்வியும் விட்டது. மண்வெட்டி போட்ட பள்ளம் அப்படியா இருக்கும்? அவளும் நானுமாக ஒரு கூடை நண்டு பிடித்தோம். அதை நேரே கொண்டுபோய் உன் மாமன் வீட்டுக் கூடத்தில் கொட்டினேன். ஊஞ்சல் மேல் காலைத் தூக்கிக்கொண்டு அவன் அலறினதை நீ பார்க்க வேண்டுமே! "இதுங்கதாண்டா கரைய வெட்டினது, போலீசுக்காரன வந்து இதுங்களப் புடிச்சுகினு போவச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து அவன் சொன்னதைக் கேள். "அக்கா, வெள்ளிக்கிழம தாசில்தார் விசாரிக்க வர்றாரு. அவராண்ட நீ வாயத் தொறந்தியானா எம்பொண்ணு உன் ஊட்டுக்கு மருமகளா வராது" என்றான். பெற்ற பெண்ணை வைத்துப் பயமுறுத்துகிறான், வெட்கம் கெட்டவன்! உன் நைனாவோ, "நமக்கு இன்னாத்துக்குடி ஊர் வம்பு, புள்ள கல்யாணம் கீது" என்கிறார். நாகவல்லியை நீ எவ்வளவு ஆசையாக நினைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? யோசித்து யோசித்து அழுதுவிட்டேன். ஆனால் செய்யாத குற்றத்துக்கு ஒருத்தன் ஜெயிலில் கிடக்க, பந்தலில் நின்று உங்களுக்கு அட்சதை போட என் கை எழாதுடா. மரம் வெட்டியது, பறவை போனது, நண்டு பிடிக்க விடாதது, ஒன்று விடாமல் தாசில்தாரிடம் சொல்லத்தான் போகிறேன்.

வேண்டாம் என்று நீ எழுதினாலும் அது என் கைக்கு வருமுன் வெள்ளிக்கிழமை போயிருக்கும். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்தால் ஒருவேளை செய்யமாட்டேன் என்று பயந்துதான் கேட்கவில்லை. கோபித்துக்கொள்வதானால் என்னைக் கோபித்துக்கொள், கடிதம் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

முல்லைவாயில் சாமி உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. நாகவல்லிக்கென்று வாங்கியதாக எழுதியிருந்தாயே, அந்தப் பட்டுத் துணியை இப்போது அனுப்ப வேண்டாம். வேறு யாருக்கும் கொடுத்தும் விடாதே.

உன் அம்மா
அன்னம்மாள்