கிருஷ்ணகிரி உச்சியில் மிச்ச வெயில்

ஞாயிறு இரவு, மே 1964

செட்டிக்குளத்தைத் தூர்வாரி முடித்ததும் பந்தி. சமையல் பொறுப்பு என்னுடையது. சோறு வெயிலிருக்கவே தயார். தூர்வாரலை நடத்திய சங்கத்தின் செயலாளர்தான் பந்தி போட விடவில்லை.

"யூனியன் சேர்மன் வராம எப்டிய்யா பந்தி போடறது? இன்னா அவசரம்?"

அவசரம் எங்கள் தெரு நயினாருக்கு. அவர் ஜைனர். பொழுது சாய்ந்தால் எதுவும் சாப்பிடமாட்டார். காலையிலிருந்து எங்களோடு சேறு சுமந்தவர், வாய் திறந்து கேட்காமல் கரையில் உட்கார்ந்திருந்தார்.

சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. சேர்மனாவது மண்ணாவது என்று அவருக்கு இலை போட்டேன்.

"பொழுது பூடுச்சேப்பா" என்றார்.

"மலைதான் மறைக்குது. அந்தாண்ட கிருஷ்ணகிரி மலை உச்சியப் பாருங்க, வெயில் இருக்குது. சாப்டுங்க."

பார்த்தார். உட்கார்ந்தார். அவர் சாப்பிட, நாங்கள் எல்லாரும் அந்த உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெயில் ஒற்றைப் பாறையாகச் சுருங்கியது. அதுவும் அணைந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரே பாதிச் சோற்றோடு இலையை மடித்தார்.

அப்புறம்தான் சேர்மனின் ஜீப் வந்தது.

முந்திக்கொண்டு இலை போட்டதற்கு நாளை சங்கத்தில் விளக்கம் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிடலாம். முன்னாலேயே ஏன் போடவில்லை என்று செயலாளர் கேட்கமாட்டார். படுத்தால் எனக்கு அந்தக் கேள்விதான் வருகிறது.